மாயக் கதைகளில் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடிப் புத்தகம் பேசுகிறோம். பதினைந்து பேர் வந்தால் அன்றைக்கு நல்ல கூட்டம். கல்லூரிப் பிள்ளைகள், இரண்டு மூன்று அம்மாக்கள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஒரு மருந்துக்கடைக்காரர். இந்த வருடம் முழுக்க ஆங்கிலத்தின் பழைய ஃபேன்டஸி கதைகளை எடுத்துக்கொண்டோம். எந்தப் புத்தகத்தில் ஆரம்பித்தாலும் பேச்சு அதில் வரும் பெண்களிடம் போய் நின்றது. புதிதாக வருகிறவர்கள் அதே கேள்வியைக் கேட்பார்கள், நானும் அதே பதிலைச் சொல்வேன். ஒருநாள் ஒரு பெண், "அக்கா, இதை எழுதி வச்சிடுங்களேன், உங்க தொண்டையாவது மிஞ்சும்" என்றாள். எழுதிவிட்டேன். பதில்கள் என்னுடையவை. கூட்டத்தில் பாதிப் பேர் இவற்றை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பழைய ஃபேன்டஸி என்று எதைச் சொல்கிறீர்கள்?

மந்திரம் நிஜமாகவே வேலை செய்கிற ஒரு உலகத்தை உண்டாக்கி, அதற்குள் நடக்கும் கதைகள். நாங்கள் படித்தவை பெரும்பாலும் 1900-க்கும் 1970-க்கும் இடைப்பட்டவை. ஃபிராங்க் பாமின் ஆஸ் கதைகள், ராபர்ட் ஹோவர்டின் கோனன், டோல்கீனின் ‘ஹாபிட்’, ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’, சி.எஸ். லூயிஸின் நார்னியா, உர்சுலா லெ குவினின் எர்த்சீ. மிகுபுனைவு என்று இதற்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆனால் மொட்டைமாடியில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. "மாயாஜாலக் கதைங்க" என்றால் அம்புலிமாமா படித்த தலைமுறைக்குச் சட்டென்று புரிகிறது.

இவற்றில் பெண்களே கிடையாது என்கிறார்களே?

சிலவற்றில் கிட்டத்தட்ட உண்மை. 1937-இல் வந்த ‘ஹாபிட்’ கதையில் பதின்மூன்று குள்ளர்கள், ஒரு மந்திரவாதி, ஒரு ஹாபிட் (ஆளில் பாதி உயரமுள்ள குட்டி மனிதர் இனம்), ஒரு டிராகன் எல்லாரும் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். பெண் ஒருத்தி வாய் திறந்து ஒரு வார்த்தை பேசும் இடம் இல்லை. பெயர் சொல்லப்படும் பெண், நாயகன் பில்போவின் அம்மா பெல்லடோனா மட்டும். அவரும் கதை தொடங்கும்போது உயிரோடு இல்லை. டோல்கீனின் அடுத்த பெரிய நாவலான ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில், தீய சக்தி கொண்ட ஒரு மோதிரத்தை அழிக்கக் கிளம்பும் குழு ஒன்பது பேர். ஒன்பதும் ஆண்கள்.

ஆனால் ‘ஹாபிட்’ வருவதற்கு 37 வருடம் முன்னால், 1900-இல், ஆஸ் உலகத்துக்குள் புயலோடு போய் விழுந்தவள் டாரத்தி என்ற சிறுமி. அங்கே நிஜமான மந்திர சக்தி இருப்பது நான்கு திசைச் சூனியக்காரிகளிடம்தான். பெரிய மந்திரவாதி என்று பேர் வாங்கிய ஆண் வெறும் ஏமாற்றுக்காரன். 1904-இல் வந்த இரண்டாம் புத்தகம் இன்னும் வேடிக்கை. ஜிஞ்சர் என்ற பெண் தலைமையில் பின்னல் ஊசியோடு ஒரு பெண்கள் படை வந்து மரகத நகரத்தைப் பிடித்துவிடுகிறது. ஆண்கள் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். துடைப்பத்தோடு களைத்து நிற்கும் ஒருவனிடம், இவ்வளவு கஷ்டமான வேலையைப் பெண்கள் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால், ஒருவேளை பெண்கள் வார்ப்பிரும்பால் ஆனவர்களோ என்னவோ என்கிறான். இதைப் படித்தபோது எங்கள் அம்மாக்கள் பக்கத்தில் எழுந்த சிரிப்பு கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்டிருக்கும். பாமின் மாமியார் மட்டில்டா கேஜ் பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவர். மருமகனுக்கு வீட்டிலேயே பாடம் கிடைத்திருக்கிறது. இருந்தாலும் முடிவில் படை தோற்கிறது. கணவர்கள் சமைத்ததைத் தின்று அலுத்துப்போன மனைவிகள் சந்தோஷமாக அடுப்படிக்குத் திரும்புகிறார்கள்.

ஆகவே, காலம் போகப் போகப் பெண்களுக்கு இடம் கூடியது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது.

சரி, எத்தனை பெண்கள் வருகிறார்கள் என்று எண்ணினால் போதுமா?

போதாது. இங்கே என் தொழிலைக் கொஞ்சம் இழுக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் நான் கணக்கு எழுதுகிறேன். வேலைக்காரர் கையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்போம். கொலுசாகித் திரும்பும்போது மறுபடி எடை போடுவோம். உருக்கியதில், ராவியதில், மெருகு போட்டதில் கொஞ்சம் குறையும். அந்தக் குறைச்சலுக்குப் பெயர் சேதாரம். கொலுசு எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் முதலாளி முதலில் தராசைத்தான் பார்ப்பார்.

ஒரு கதையில் பெண் வரும்போது நானும் அதையே செய்கிறேன். உள்ளே வரும்போது அவளிடம் என்ன இருந்தது? ஆசை, திறமை, கோபம், வாய். கடைசிப் பக்கத்தில் என்ன மிஞ்சியது? குறைந்தது எங்கே போனது? குறைத்தது கதையா, அவளா? இதைக் கேட்க ஆரம்பித்தால் எண்ணிக்கைச் சண்டை தானாக அடங்கிவிடுகிறது.

எயோவின் இருக்கிறாளே? அவளை விடப் பெரிய வீராங்கனை உண்டா?

கூட்டத்தில் மிக அதிகமாகச் சண்டை நடந்தது இவளைப் பற்றித்தான். தெரியாதவர்களுக்கு: ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ (1954–55) நாவலில் குதிரைவீரர் நாடான ரோஹனின் அரசனுக்கு அவள் மருமகள், அதாவது தங்கை மகள். ஆண்கள் போருக்குப் போகிறார்கள். நீ ஊரைப் பார்த்துக்கொள் என்று அவளை விட்டுவிட்டுப் போகிறார்கள். அப்போது அரகோர்ன் என்ற வீரனிடம் அவள் பேசும் பேச்சை நான் மூன்று முறை படித்தேன். நீங்கள் சொல்வதற்கெல்லாம் பொருள், நான் பெண், என் இடம் வீடு என்பதுதான். ஆண்கள் எல்லாரும் மானத்தோடு செத்த பிறகு, யாருக்கும் தேவைப்படாத அந்த வீட்டோடு சேர்ந்து எரிந்துபோக எனக்கு அனுமதி உண்டு, அவ்வளவுதானே என்கிறாள். எதற்குப் பயப்படுகிறாய் என்று கேட்டால், கூண்டுக்கு என்கிறாள். டோல்கீன் பெண்களைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் அதைச் சொல்ல வேண்டும்.

அப்புறம் அவள் ஆண் வேஷத்தில் டெர்ன்ஹெல்ம் என்ற பெயரோடு போருக்குப் போகிறாள். தன்னைப் போலவே ‘நீ வேண்டாம்’ என்று ஒதுக்கப்பட்ட மெர்ரி என்ற ஹாபிட்டையும் குதிரையில் ஏற்றிக்கொள்கிறாள். எந்த ஆணின் கையாலும் சாகமாட்டான் என்று முன்குறி சொல்லப்பட்ட சூனிய அரசன் எதிரே நிற்கும்போது, நான் ஆண் இல்லை, நீ பார்ப்பது பெண்ணை என்கிறாள். மெர்ரி பின்னாலிருந்து அவன் காலில் குத்த, இவள் முகத்தில் குத்துகிறாள். கதை அவள் கையில்தான் திரும்புகிறது.

பிறகு வைத்தியசாலை. அங்கே ஃபராமிர் என்ற இளவரசனோடு பேச்சு, காதல். இனி நான் வாள்மகள் இல்லை, நோய் தீர்க்கிறவளாக இருப்பேன் என்று சொல்லிக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாள். கல்லூரிப் பெண்கள் கொதித்தது இங்கேதான். "கூண்டுக்குப் பயந்தவளை நல்ல கூண்டாப் பார்த்து அடைச்சிட்டாங்க" என்றாள் ஒருத்தி.

தமிழாசிரியர் சார் ஒத்துக்கொள்ளவில்லை. 1916-இல், முதல் உலகப் போரின் சொம் போர்க்களத்தில் நின்று, நண்பர்களைப் பறிகொடுத்து வந்தவர் எழுதிய கதை இது. அதில் யாரும் வாளைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக முடிவதில்லை என்றார். உண்மைதான். ஃபராமிருக்கே போர் பிடிக்காது. மோதிரப் பயணத்தில் கூடப் போன தோட்டக்காரன் சாம் தோட்டத்துக்குத் திரும்புகிறான். வாளைக் கீழே வைப்பது டோல்கீனிடம் தண்டனை இல்லை, கௌரவம்.

என் கணக்கு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வாள் போனதை நான் சேதாரமாக எழுத மாட்டேன். அவளுடைய கோபம் போனதைத்தான் எழுதுவேன். அந்தக் கோபம் போரைப் பற்றியது இல்லை, வீட்டைப் பற்றியது. யாருமே கேட்காமல் என்னை ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள் என்பதற்குப் பதில் சொல்லாமலே, ஒரு நல்ல மனுஷனைக் காட்டிக் கதை அவளைச் சமாதானப்படுத்திவிடுகிறது. ஃபராமிர் நல்லவன்தான், எனக்கே பிடிக்கும். ஆனால் கேட்ட கேள்விக்கு அவன் பதில் இல்லையே.

கலாட்ரியல்? ஆர்வென்?

கலாட்ரியல் காட்டுக்கு நடுவில் வாழும் அரசி, எல்ஃப் என்ற சாகாவரம் பெற்ற இனத்தவள். அவளிடம், மோதிரத்தைச் சுமந்து போகும் ஹாபிட் ஃப்ரோடோ, அந்தச் சக்திவாய்ந்த மோதிரத்தை நீயே வைத்துக்கொள் என்று நீட்டுகிறான். ஒரு நிமிடம் ஆசைப்படுகிறாள். அப்புறம் மறுக்கிறாள். நான் குறைந்துபோவேன், மேற்கே போவேன், ஆனால் கலாட்ரியலாகவே இருப்பேன் என்கிறாள். எடை குறையப்போகிறது என்று தெரிந்து, குறைத்துக்கொள்கிறவளே அதை வாய்விட்டுச் சொல்லும் இடம். இதைச் சேதாரக் கணக்கில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

ஆர்வென் பாவம். அரகோர்னுக்காகச் சாகாவரத்தையே விட்டுக்கொடுக்கும் இந்த எல்ஃப் பெண்ணின் கதை பிற்சேர்க்கையில் போய்ச் சேர்ந்துவிட்டது. மூல நாவலில் அரகோர்னுக்குக் கொடி தைத்து அனுப்புகிறாள், முடிவில் வந்து கல்யாணம் செய்துகொள்கிறாள்.

நார்னியாவில் சூசனுக்கு என்ன ஆனது? ஏன் எல்லாரும் அதையே பேசுகிறார்கள்?

நான்கு பிள்ளைகள் ஒரு அலமாரி வழியாக வேறு உலகத்துக்குப் போகிறார்கள். மூத்த பெண் சூசன். முதல் புத்தகத்தில் (1950) கிறிஸ்துமஸ் தாத்தா அவளுக்கு வில்லும் ஊதுகொம்பும் கொடுக்கிறார், கொடுத்த கையோடு நீ சண்டை போடக் கூடாது என்கிறார். இளையவள் லூசி, எனக்குத் தைரியம் இருக்கும் என்றே நினைக்கிறேன் என்றால், பெண்கள் சண்டையிடும் போர் அசிங்கமானது என்று பதில். கொடுத்த வில்லுக்கு அப்போதே பூட்டு. (ஐந்தாவது புத்தகத்தில் லூசி வில்லாளிகளோடு போர்க்களம் போகிறாள். லூயிஸ் தன் சட்டத்தைத் தானே மறந்தாரா, மாற்றிக்கொண்டாரா, தெரியவில்லை. அதே புத்தகத்தில் கட்டாயக் கல்யாணத்திலிருந்து குதிரையேறித் தப்பும் அராவிஸ் அருமையான பெண்.)

கடைசிப் புத்தகத்தில் (1956) எல்லாரும் உண்மையான நார்னியாவுக்கு வந்து சேர்கிறார்கள், சூசனைத் தவிர. அவளுக்கு இப்போது நைலான் காலுறை, லிப்ஸ்டிக், விருந்து அழைப்பு இவற்றைத் தவிர எதிலும் நாட்டமில்லை என்று ஒரு வரி வருகிறது. அவ்வளவுதான், ஆள் காலி. மருந்துக்கடைக்காரர், அது லிப்ஸ்டிக்கைப் பற்றியது இல்லை, நம்பிக்கையை விட்டதைப் பற்றியது என்றார். இருக்கலாம். லூயிஸும் ஒரு கடிதத்தில், அவள் உயிரோடு இருக்கிறாள், மாற அவளுக்குக் காலம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்.

என்னை உறுத்துவது வேறு. மற்றவர்கள் அங்கே வந்து சேர்ந்ததே இங்கே ஒரு ரயில் விபத்தில் செத்ததால். அண்ணன், தம்பி, தங்கை, அப்பா, அம்மா எல்லாரும் ஒரே நாளில். அந்தச் செய்தி சூசனுக்கு வந்து சேரும் வீட்டை ஒரு பத்தியாவது லூயிஸ் எட்டிப் பார்த்திருக்கலாம்.

இந்தக் கதைகளில் அம்மாக்கள் ஏன் எப்போதும் செத்துப்போகிறார்கள்?

ஒரு அம்மா கேட்ட கேள்வி. கேட்டுவிட்டு, "நாங்க உயிரோட இருந்தா எவனும் வெளியவே போக முடியாதுங்களே" என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார். பாதி சரி. ஃப்ரோடோவின் அப்பா அம்மா ஆற்றில் மூழ்கிப் போனவர்கள். டாரத்தி அநாதை. எர்த்சீயின் கெட் ஒரு வயது நிரம்புமுன் தாயை இழந்தவன். சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லாதவன்தான் டிராகனிடம் போவான்.

மீதிப் பாதி, எழுதியவர்களின் வாழ்க்கை. டோல்கீனுக்கு 12 வயதில் அம்மா இறந்தார். லூயிஸுக்கு 9 வயதில். நார்னியாவின் ஆறாவது புத்தகத்தில் (1955) டிகரி என்ற பையன், படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாய்க்கு வேற்றுலகிலிருந்து ஒரு ஆப்பிள் கொண்டுவந்து கொடுக்கிறான். அவள் பிழைத்துக்கொள்கிறாள். லூயிஸ்மேல் எனக்கு இருக்கும் எல்லாக் குறையோடும் சொல்கிறேன், அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கோனன் மாதிரிக் கதைகளில் பெண் வெறும் அட்டைப்படம்தானே?

பெரும்பாலும் ஆமாம். ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற அமெரிக்க இதழில் 1932 டிசம்பரில் கோனன் என்ற வாள்வீரன் வந்தான். பிறகு கடற்கொள்ளைக்காரி பெலிட் வருகிறாள். கப்பலே நடுங்கும் ராணி. கோனனைப் பார்த்ததும் அவன் முன்னால் ஆடுகிறாள், அவனுடையவளாகிறாள், செத்துப்போகிறாள், பேயாக வந்தும் அவனைக் காப்பாற்றுகிறாள். சேதாரம் முழு எடைக்கும்.

ஆனால் அதே இதழில் 1934 அக்டோபரில் ஜிரெல் வந்தாள். போரில் தோற்ற கோட்டைத் தலைவனை ஜெயித்தவன் முன் இழுத்துவருகிறார்கள். தலைக்கவசத்தைக் கழற்றினால் சிவந்த முடியோடு ஒரு பெண். அன்றிரவே கோட்டைக்கு அடியில் இருக்கும் சுரங்கம் வழியாக நரகம் போன்ற ஒரு இடத்துக்கு இறங்கி, பழிவாங்க ஆயுதம் தேடுகிறாள். எழுதியவர் சி.எல். மூர். கேத்தரின் என்ற பெயரை மறைத்தது பெண் என்று தெரியக் கூடாது என்பதற்காக என்று பலர் சொல்வார்கள். அவர் சொன்ன காரணம் சாதாரணமானது: வேலை பார்த்த வங்கிக்கு இந்த உபரி வருமானம் தெரிய வேண்டாம் என்று. ஹென்றி கட்னர் என்ற எழுத்தாளர், ஐயா என்று விளித்து அவருக்கு ரசிகர் கடிதம் போட்டார். 1940-இல் இருவருக்கும் கல்யாணம் ஆனது.

இன்னொன்று. அந்த இதழின் அரைகுறை ஆடை அட்டைப்படங்களை முப்பதுகளில் வரைந்து பேர் வாங்கியவரும் ஒரு பெண்தான், மார்கரெட் பிரண்டேஜ்.

சூனியக்காரி என்றாலே ஏன் கெட்டவள்?

கிழவியாக இருந்தால் அசிங்கம், அழகியாக இருந்தால் ஆபத்து. நார்னியாவின் வெள்ளைச் சூனியக்காரி இரண்டாவது வகை. நம்மிடமும் இதே கதைதான்: தாடகை, சூர்ப்பணகை, மோகினி. இங்கேயாவது ஒரு தயக்கம் இருக்கிறது. கம்பனில் தாடகை எதிரே நிற்கும்போது, பெண்ணாயிற்றே என்று இராமன் அம்பை எடுக்காமல் நிற்கிறான். விசுவாமித்திரர் பேசித்தான் சம்மதிக்க வைக்கிறார். நார்னியாச் சூனியக்காரிக்கு அந்தத் தயக்கம்கூடக் கிடைக்கவில்லை.

பெண்களே எழுதினால் மாறிவிடுமா?

தானாக மாறாது. இதற்கு நல்ல சாட்சி உர்சுலா லெ குவின். அவருடைய ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’ 1968-இல் வந்தது. தீவுகளாலான உலகம், நாயகன் கருஞ்சிவப்புத் தோல்காரன், அந்தக் காலத்தில் அதுவே பெரிய துணிச்சல். ஆனால் மந்திரப் பள்ளியில் ஆண்களுக்கு மட்டும்தான் இடம். ‘பெண்ணின் மந்திரம் போலப் பலவீனம், பெண்ணின் மந்திரம் போலப் பொல்லாதது’ என்று அந்த உலகத்தில் பழமொழியே உண்டு.

அடுத்த நாவலில் (1971) டெனார் வருகிறாள். ஐந்து வயதில் குடும்பத்திடமிருந்து பிரித்துக் கோயில் பூசாரிணியாக்கி, பெயரையும் பிடுங்கிக்கொண்டு, ‘விழுங்கப்பட்டவள்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். வெளிச்சம் கூடாத நிலவறைப் பாதைகள்தான் அவளுடைய ராஜ்ஜியம். அதற்குள் திருட வந்து மாட்டிக்கொள்கிறான் மந்திரவாதி கெட். கொல்வதும் விடுவதும் அவள் இஷ்டம். விளக்கு அணைந்து, தண்ணீர் இல்லாமல் அவன் கிடப்பதைக் கண்காணிப்புத் துளை வழியாக அவள் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கங்கள் நான் படித்ததிலேயே நல்ல பக்கங்களில் சேரும். கடைசியில் இருவரும் தப்புகிறார்கள். தப்பிய பிறகு அவள் அழுகிறாள். சுதந்திரத்தின் கனத்தை அவள் அறியத் தொடங்கினாள் என்கிறார் ஆசிரியர். எடை கூடிய பெண்.

அதோடு விட்டிருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். லெ குவின் விடவில்லை. ஆண் நாயகர்களின் மரபுக்குள் நின்றே தான் எழுதி வந்ததைப் பின்னாளில் அவரே சொன்னார். 1990-இல் ‘டெஹானு’ என்ற நாவலோடு திரும்பி வந்தார். டெனார் இப்போது நடுவயது விதவை. விவசாயி ஒருவனைக் கட்டி, பிள்ளை பெற்று, ஆடு மேய்த்தவள். தீயில் சுடப்பட்டுத் தூக்கி எறியப்பட்ட ஒரு சிறுமியை வளர்க்கிறாள். கெட் மந்திரமெல்லாம் இழந்து வெறும் ஆளாக வந்து நிற்கிறான். டிராகனும் வருகிறது, ஆனால் சாப்பிட்ட பாத்திரத்தை யார் கழுவுவது என்பதும் இந்த நாவலில் டிராகனுக்குச் சமமான விஷயம். பழைய வாசகர்கள் சிலருக்கு எரிச்சல். எங்கள் கூட்டத்தில் கல்லூரிப் பையன்கள் இருவர், "கதையே நகரலைங்கக்கா" என்றார்கள். அம்மாக்கள் மூவரும் இரண்டே நாளில் படித்து முடித்திருந்தார்கள்.

நம்மூர்க் கதைகள் இதைவிட மேல் இல்லையா? நமக்கு அல்லி இருந்தாளே?

இந்தக் கேள்வி வரும்போது கேட்பவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். சரி, அல்லியையே தராசில் வைப்போம். பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை, நம் தாத்தா பாட்டிகள் ராகம் போட்டுப் படித்த கதை. மதுரையை ஆளும் அல்லி, ஆண் வாடையே ஆகாதவள். அர்ச்சுனன் ஆசைப்படுகிறான். கிருஷ்ணன் துணையோடு பாம்பாக உருமாறி அவள் படுக்கையறைக்குள் போய், தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். அவள் சீறுகிறாள், படை திரட்டுகிறாள். கடைசியில் பணிகிறாள். எயோவினிடம் ஃபராமிர் சம்மதமாவது கேட்டான். நம் மொழியில் ‘அங்கே அல்லி ராஜ்ஜியம்’ என்று இன்றும் சொல்கிறோம், எப்போது சொல்கிறோம் என்று கவனியுங்கள். ஒரு வீட்டில் பெண் பேச்சு எடுபட்டால், கிண்டலாக.

ஆனால் நம் பக்கம் முழு எடையோடு வந்தவளும் உண்டு. குண்டலகேசி. காப்பியத்தில் சில பாடல்கள்தான் மிஞ்சியிருக்கின்றன, கதை தப்பிவிட்டது. வணிகர் மகள் பத்திரை (அவள்தான் பின்னால் குண்டலகேசி) ஒரு கள்வனைக் காதலித்துக் கட்டிக்கொள்கிறாள். நகைக்காக அவளைக் கொல்ல அவன் மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான். சாகுமுன் உம்மை மூன்று முறை வலம் வருகிறேன் என்கிறாள். மூன்றாம் சுற்றில் முதுகுப்பக்கம் வந்ததும் ஒரே தள்ளு. பிறகு துறவியாகி ஊர் ஊராகப் போய் வாதத்தில் அறிஞர்களை வெல்கிறாள். கதை அவளை யாருக்கும் மறுமணம் செய்துவைக்கவில்லை, அவள் வாயையும் அடைக்கவில்லை. இதை வைத்து 1950-இல் ‘மந்திரி குமாரி’ எடுத்தது நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்தான். ஏற்காடு ரோட்டில் போகும்போது அந்தக் கம்பெனியின் பழைய நுழைவு வளைவு மட்டும் தனியாக நிற்கிறதே, அதேதான்.

அதே கம்பெனி 1956-இல் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். பானுமதி அதில் மார்ஜியானா. மூலக் கதையில் அவள் வீட்டு அடிமைப் பெண். விளக்குக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது, முற்றத்தில் விருந்தாளி வைத்திருக்கும் ஜாடியிலிருந்து கொஞ்சம் எடுக்கலாம் என்று போகிறாள். ஜாடிக்குள்ளிருந்து, நேரமாச்சா என்று ஒரு குரல். அலறவில்லை. இன்னும் இல்லை, சீக்கிரம் என்று ஆண் குரல் போலப் பதில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு ஜாடிக்கும் அதையே சொல்லிக்கொண்டு போய், உண்மையான எண்ணெய் ஜாடியைக் கண்டுபிடித்து, அண்டாவில் காய்ச்சிக் கொண்டுவந்து ஒவ்வொன்றிலும் ஊற்றுகிறாள். பிறகு கத்தியோடு ஆடி, தலைவனையும் முடிக்கிறாள். அலிபாபா இதில் செய்தது என்ன? தூங்கினான். கதைக்குப் பெயர் மட்டும் அவனுடையது. அவளுக்குப் பரிசு விடுதலை, அப்புறம் அந்த வீட்டுப் பையனோடு கல்யாணம்.

அந்தக் காலத்தில் அப்படித்தானே இருந்தது? இன்றைய கண்ணால் பார்ப்பது நியாயமா?

ஆஸ் 1900, ஜிரெல் 1934. ‘அந்தக் காலம்’ ஒன்றல்ல.

என் மகளுக்கு இதையெல்லாம் கொடுக்கலாமா?

தாராளமாக. ஆஸ் எட்டு வயதிலேயே கொடுக்கலாம். காப்புரிமை முடிந்த புத்தகம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நார்னியாவைக் கூட உட்கார்ந்து படியுங்கள், கிறிஸ்துமஸ் தாத்தா வில் கொடுக்கும் இடத்தில் பிள்ளை என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பதின்மூன்று பதினாலில் டெனார். கோனன் இப்போதைக்கு வேண்டாம். மகனுக்கும் இதே வரிசைதான். ஏனோ இந்தக் கேள்வியை யாரும் மகனுக்காகக் கேட்பதில்லை.

படம் பார்த்தால் போதாதா?

2001-இல் வந்த முதல் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படத்தில் காயம்பட்ட ஃப்ரோடோவைக் குதிரையில் தூக்கிக்கொண்டு பறப்பவள் ஆர்வென். புத்தகத்தில் அவனுக்குக் குதிரை கொடுத்து அனுப்புவது குளோர்ஃபிண்டெல் என்ற ஆண் எல்ஃப். படம் எடுத்தவர்கள் ஆர்வெனுக்கு ஒரு வேலை கொடுக்க நினைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எயோவினின் அந்தக் கூண்டுப் பேச்சைப் புத்தகத்தில் மெதுவாகப் படிப்பது வேறு.

ஏற்காட்டில் ஒரு கூட்டம் போட்டீர்களாமே?

போட்டோம், ஒரே ஒரு முறை. காலைப் பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, இரண்டு பேர் வாந்தி எடுத்து, லேடிஸ் சீட்டில் போய் உட்கார்ந்தோம். வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு அம்மா மாலையில் வந்து உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்ப்பார், அதனால் அந்தப் பெயர் என்பார்கள். கீழே சேலம் முழுக்கப் பரந்து கிடக்கிறது. தட்டுவடை செட் கட்டிக்கொண்டு போயிருந்தோம், பீட்ரூட் துருவல் ஈரத்தில் தட்டை நமத்துப்போய்விட்டது, ஆனாலும் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆர்வெனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெண், "இந்த லேடியும் உக்காந்துட்டேதான் இருக்காங்க" என்றாள். பக்கத்தில் ஜென்ட்ஸ் சீட்டும் இருக்கிறதே என்றார் மருந்துக்கடைக்காரர். அந்த ஜென்ட் எழுந்து போய் வேறு கதையில் வேலை செய்வார், இந்த லேடி செய்ய மாட்டாங்க என்றாள் அவள். அடுத்த மாதம் மொட்டைமாடிக்கு நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். அதில் அந்த அம்மா எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, தனியாக மலையிறங்க ஆரம்பிக்கிறார். இருட்டிவிட்டது. பதினோராவது வளைவில் காப்பித் தோட்டத்துக்குள்ளிருந்து ஏதோ ஒன்று அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. என்ன பெயர் என்று கேட்டோம். இன்னும் யோசிக்கவில்லை, அடுத்த மாதம் சொல்கிறேன் என்றாள்.